மூழ்காத நீர்க்காகம்

பெரிய ஏரி ஒன்றில் நாற்பது நீர்க்காகங்கள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. தினமும் காலையில் வரிசை கட்டி நீந்துவார்கள். ஒரே சமயத்தில் முங்கி, மீன்களைக் கோரைக் கரைக்கு விரட்டிப் பிடிப்பார்கள். வேட்டை நேரத்தில் மேலே நின்று பார்ப்பது குலத்துக்கே இழுக்கு என்பது அவர்கள் எண்ணம். முங்காதவருக்கு வரிசையில் இடம் கிடையாது. ஏரியின் மறுகோடிக்குப் போய்த் தன்னந்தனியாகத் தவளை பிடித்துத் தின்ன வேண்டியதுதான்.

வரிசையின் முதல் இடம் அஞ்சனிக்கு உரியது. அவளைப் போல ஆழம் போக அங்கே வேறு யாரும் இல்லை. அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. மழை போயிற்று, இருமல் போகவில்லை. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி வைத்தியரிடம் போனாள். அவர் அவள் மார்பில் காது வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இது மூச்சுப்பை நோய் அம்மா. தினமும் ஆடாதொடைக் கொழுந்து தின்றால் அடங்கியிருக்கும். ஆனா அடியோட போகாது. இனிமே ஆழத்துல முங்கக் கூடாது" என்றார்.

அஞ்சனி நம்பவில்லை. மறுநாளே வீம்புக்கு முங்கினாள். பாதி ஆழத்தில் மூச்சு முட்டி, தக்கை மாதிரி மேலே வந்து மிதந்தாள். அவளைக் கரைக்கு இழுத்துப் போட்ட தலைவன் கொக்கிமூக்கன், வருத்தத்தோடுதான் என்றாலும், நாளைக்கே மறுகோடிக்குப் போய்விடும்படி சொல்லிவிட்டான்.

மறுநாள் போவதற்கு முன்னால், ஏரி நடுவே இருந்த பட்டமரத்தில் சற்று உட்கார்ந்தாள். கூட்டம் முங்கிய நேரத்தில் அவள் மட்டும் மேலே இருந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

அப்போது பார்த்தாள். எல்லாரும் முங்கிக் கோரைக் கரைக்கு விரைந்துகொண்டிருக்க, மீன் கூட்டம் வரிசையின் ஓரமாக வளைந்து, மினுமினுவென்று மதகை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் பாதி மீன் இப்படித்தான் தப்பியிருக்கிறது! பார்க்க மேலே ஒருவர் இருந்தால்தானே?

மூச்சு வாங்க எல்லாரும் தலை நீட்டியதும், "மதகுப் பக்கம் போகுது!" என்று கத்தினாள்.

முங்காதவள் பேச்சைக் கேட்பதா என்று கொக்கிமூக்கன் முறைத்துவிட்டு மறுபடி கோரைக் கரைக்கே போனான். வெறும் அலகோடு திரும்பினான். வரிசையின் கடைசியில் இருந்த சோம்பேறி சுருட்டையனுக்கு மதகுதான் பக்கம். அவன் அங்கே முங்கி, தன் தலையைவிடப் பெரிய கெண்டையோடு வந்தான். அதன்பின் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லா அலகும் மதகுக்குத் திரும்பின. அன்று எல்லாருக்கும் வயிறு நிறைந்தது. பல் மட்டும் இருந்திருந்தால் கொக்கிமூக்கனுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும். முதல் கெண்டையை அவனே பட்டமரத்துக்குக் கொண்டுவந்து வைத்தான். மறுகோடிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அஞ்சனியின் காலை இப்படித்தான் தொடங்கியது. கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொழுந்தைத் தின்பாள். பிறகு பட்டமரத்தில் ஏறிக்கொள்வாள். தண்ணீர் எங்கே சிலிர்க்கிறது, மீன் எந்தப் பக்கம் திரும்பும் என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படியாயிற்று. சில நாள் இருமல் படுத்தும். அப்போது குரலுக்குப் பதில் சிறகை விரித்துத் திசை காட்டுவாள்.

ஒரு வருஷம் போயிற்று. ஒருநாள் கொக்கிமூக்கன் வந்து, "இப்பல்லாம் நீ இருமுறதே இல்லையே. குணமாயிடுச்சு போல. உன் பழைய இடத்துக்கு வந்துடு" என்றான்.

அஞ்சனி ஏரியைப் பார்த்தாள். முன்பானால் இந்த ஒரு வார்த்தைக்காக உயிரையே கொடுத்திருப்பாள்.

"குணமாகலை அண்ணே, அடங்கியிருக்கு. அது கிடக்கட்டும். நான் உள்ள வந்துட்டா மேலே யாரு இருக்குறது?" என்றாள். பிறகு இடது சிறகை விரித்து, "பேசிக்கிட்டே நிக்காதீங்க, மீன் அல்லிப் பக்கம் திரும்புது!" என்றாள்.

கொக்கிமூக்கன் பாய்ந்தான்.

தீராத நோய் நம் பழைய இடத்தைப் பறித்துக்கொண்டாலும், நின்ற இடத்திலிருந்து கண்ணைத் திறந்து பார்ப்பவருக்குப் புதிய வேலை அங்கேயே காத்திருக்கும்.