கடைசிப் பந்து

“பொறாமை போகணும். வழி சொல்லு சாமி.”

கேட்டவன் லாசர். போன வருஷம் வரைக்கும் வடகரை அணியின் கோல்கீப்பர். ஓய்வு பெற்றான். இந்த வாரம் அதே அணிக்கு கீப்பர் கோச்.

கேட்கப்பட்டவன் பெஞ்ச் சாமி. காவி கிடையாது, தாடி கிடையாது. உண்மைப் பேர் ரொசாரியோ. லாசர் விளையாடிய காலம் முழுக்க ரெண்டாவது கீப்பராகப் பெஞ்சில் இருந்தவன். லாசருக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. அத்தனை காலம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தவன் முனிவனாகத்தான் இருக்கணும் என்று பசங்க சாமி ஆக்கிவிட்டார்கள்.

சாமி காலி கேலரியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

“யார்மேல?”

“அந்தப் பொடியன் தீபன்மேல. என் ஒண்ணாம் நம்பர் ஜெர்சியைக் குடுத்தாங்க. சரி, துணி. என் போஸ்ட்டைக் குடுத்தாங்க. சரி, கம்பி. என் பாட்டையும் தூக்கிக் குடுத்துட்டானுங்கடா!”

“எந்தப் பாட்டு?”

லாசர் எழுந்து மொத்த கேலரியாகவும் மாறினான்.

“லாசர் நின்னா... டொம் டொம்... கோலே இல்ல! இப்ப என்ன கத்துறானுங்க தெரியுமா? தீபன் நின்னா... டொம் டொம்... கோலே இல்ல!”

“டொம் டொம் அப்படியே இருக்கா?”

“அதைத்தான் தாங்க முடியல.”

சாமி ஒரு கடலையை வாயில் போட்டான்.

“மைக்ல கமென்ட்ரி சொல்றவன் வேற. ‘ரசிகப் பெருமக்களே! பருந்தா, தீபனா! பறக்கிறாரே, பறக்கிறாரே!’ நான் பறந்தப்ப அதே ஆளு என்ன சொன்னான்? ‘பந்து வெளியே.’ அவ்ளோதான்.”

“சரி. இப்ப என்ன செய்யப்போற?”

“சாயங்காலம் ஃபைனல். மேட்ச்சுக்கு முன்னாடி பந்து அடிச்சு அவன் கையைச் சூடு பண்ணணும். எனக்கு நீ பண்ணுவியே, அந்த வேலை. கேலரி நிறைஞ்சிருக்கும். கடைசிப் பந்தை மேல் மூலைக்கு ஏத்தப்போறேன். குப்புற விழட்டும். ஊரே சிரிக்கட்டும்.”

“வழிதான் வெச்சிருக்கியே. அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்த?”

லாசர் ஒரு கடலையை எடுத்து நசுக்கினான்.

சாமி கையில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டு எழுந்தான்.

“போய் கோல்ல நில்லு.”

சாமி அடித்த முதல் பந்து வலது மூலைக்குப் போனது. லாசர் தாவினான். வாய் நிறைய மண்.

அடுத்தது தலைக்கு மேலே.

அடுத்தது கால்களுக்கு நடுவே.

“டேய், என் முட்டிடா!”

“ம்.”

கடைசிப் பந்து ஒரு தடவை துள்ளி, லாசரின் நெஞ்சுக்கு வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டான். முகத்தில் சீரியல் லைட் எரிந்தது.

“பாத்தியா! கை இன்னும் அப்படியே இருக்கு. நீ அடிக்கிற கடைசிப் பந்தை நான் ஒருநாளும் விட்டதில்ல. அதைப் புடிச்ச திமிர்லதான் மேட்ச்சுக்குள்ள போவேன். அப்புறம் எவன் அடிச்சாலும்...”

நிறுத்தினான்.

பந்தைப் பார்த்தான்.

“ஒருநாளும் விட்டதில்ல,” என்றான் மறுபடி. இந்தத் தடவை சத்தம் வரவில்லை.

சாமி இன்னொரு கடலையை உரித்து, தோலை ஊதினான்.

“டேய். வேணும்னேதான் கைக்குக் குடுத்தியா?”

“ம்.”

“எல்லா மேட்ச்சுக்குமா?”

“ம்.”

“உனக்கு என்மேல பொறாமையே இல்லையாடா?”

“இல்லாமயா? உன் கால் மடங்கணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனவன்டா நான்.”

“அப்புறம் ஏன்டா குடுத்த?”

“மேட்ச் ஆடப்போனது நீதானே.”

சாயங்காலம் கேலரி பிதுங்கியது. டொம் டொம்.

தீபன் கிளவுஸில் துப்பிக்கொண்டு கோலில் நின்றான். லாசர் ஒவ்வொரு பந்தாக அடித்தான். ஒன்று பாக்கி.

மேல் மூலை காலியாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது.

டொம் டொம்.

லாசரின் கால் துறுதுறுத்தது.

பந்து ஒரு தடவை துள்ளி, தீபனின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

“பாத்தீங்களாண்ணா!” தீபன் குதித்தான். “கடைசிப் பந்தை விட்டுருவேனா நானு!”

லாசர் பல்லைக் கடித்தான்.

“அதெப்படிடா விடுவ,” என்றான்.