அம்பில்லாத நாண்

செம்மலைச் சரிவில் புல்லறுக்கப் போகும் பெண்களுக்கு, வில்லோடு ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். சிறுத்தை நடமாடும் இடம் அது. வீட்டுக்கு ஒரு மாதம் என்று முறை. சித்தையன் வீட்டுக்குத் தை மாதம். அதுவரை அந்த வீட்டுக்காக நின்றுவந்த அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். நாற்பது வயதைத் தாண்டித்தான் சித்தையன் வில்லைத் தொட்டான்.

கற்றுக்கொடுத்தவள் உடையாள். அவனைவிட ஆறு வயது இளையவள். அவன் அவளை ஆசானே என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

ஆடியில் மழை ஏமாற்றியது. வில் பழகினால் வயிறு நிறையுமா? படகுக்கு மரம் அறுக்கும் வேலைக்கு அவன் துறைமுகப் பட்டணம் போனான். மூங்கில் வில்லையும் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனான்.

ஐப்பசியில் இரண்டு நாள் வந்தவன், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே உடையாளின் மாட்டுக் கொட்டகைக்கு வந்தான். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினான். பட்டணத்தில் வில் பழக இடமில்லை. ஆற்றங்கரையில் துணி வெளுப்பவர்கள் விரட்டினார்கள். கோட்டைச் சுவரோரம் காவலர்கள் பாதி அம்புகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். சுடுகாட்டில் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே இரண்டு நாள் எய்தான். மூன்றாம் நாள் ஒரு பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் தகப்பன் இவன் கையிலிருந்த வில்லைப் பார்த்தான். அதோடு அங்கேயும் போகவில்லை. மிச்சம் இருப்பது ஏழு பேர் படுக்கும் ஓர் அறை. அதில் கையை நீட்டினால் சுவர் இடிக்கும்.

“தையில என் மக பவளாயியும் அந்தச் சரிவுலதான் குனிஞ்சு நிப்பா. நான் எங்கே போய்ப் பழக, ஆசானே?”

உடையாள் பேசவில்லை. கன்றுக்குட்டியை ஒதுக்கிவிட்டு, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நின்றாள். வில்லை எடுத்தாள். அம்பு வைக்கவில்லை. நாணைக் கன்னம்வரை இழுத்தாள். நெற்றியில் அரும்பிய வேர்வை தாடைக்கு இறங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல, நாணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். வில்லை மாட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

“இவ்வளவுதானா?” என்றான்.

“இவ்வளவுதான்.”

புரிந்துவிட்ட சந்தோஷத்தில் அவன் கிளம்பினான்.

பட்டணத்து அறையில் அவன் நாணை இழுத்தான். இழுப்பதைவிடத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டமாக இருந்தது. கை வெடவெடத்தது. பக்கத்துப் பாய்க்காரன் முத்திருளன், அண்ணாச்சி இன்றைக்கு எத்தனை கொசு அடித்தார் என்று மற்றவர்களிடம் விசாரித்தான். ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்காம் நாள், அந்த வெட்கத்தில், முழுக்க இழுத்த நாணைப் பட்டென்று விட்டுவிட்டான்.

அறையே அதிர்ந்தது. சிரிப்பு நின்றது. முத்திருளன் எழுந்து உட்கார்ந்து, அடேயப்பா என்றான்.

அதன்பிறகு வேலை முடிந்து வந்ததும் தினம் நூறு தடவை. அந்தச் சத்தம் கேட்காமல் அறையில் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. ஊரில் நாண் என்றால் அதில் அம்பு இருக்கும். வெறும் நாணை விடும் தேவை அங்கே யாருக்கும் வந்ததில்லை. விட்டால் என்ன ஆகும் என்றும் அவனுக்குத் தெரியாது.

தை பிறந்தது. பழகினீர்களா என்று உடையாள் விசாரித்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றான். அவன் விரல்கள் காய்த்துப் போயிருந்ததைப் பார்த்துத் தலையசைத்தாள். வில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் உச்சிவெயிலில், முப்பது அடி தள்ளிப் புல் பிரிந்தது. சித்தையனின் கை நடுங்கவில்லை. கண்ணும் குறியைவிட்டு விலகவில்லை. நாணைக் கன்னம்வரை இழுத்தான். வில் இரண்டாக முறிந்தது. அம்பு அவன் காலடியிலேயே விழுந்தது.

வரிசையில் கடைசியாகக் குனிந்து நின்றவள் பவளாயி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், முறிந்த துண்டுகளைக் கொண்டுவந்து உடையாளின் முன்னே போட்டான்.

“நீ காட்டினபடிதானே செஞ்சேன்?” என்றான். அவளை அவன் நீ என்றது அதுதான் முதல் தடவை.

உடையாள் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூங்கிலின் உள்பக்கம் மயிரிழை மயிரிழையாக விரிசல்கள். கட்டைவிரலால் தடவினாள்.

“வெறும் நாணை விட்டீங்களா, அண்ணே?”

“விட்டேன். தினம் நூறு.”

“அம்பு இருந்தா அந்த அடியை அது எடுத்துட்டுப் போயிடும். இல்லேன்னா வில்லுதான் வாங்கிக்கணும்.”

அவன் தரையில் கிடந்த மற்றத் துண்டைப் பார்த்தான்.

“நான் விடலையே. திருப்பிக் கொண்டுவந்ததைப் பார்த்தீங்களே.”

“பார்த்தேன். அதுல சத்தம் வரல. கூட இருந்தவங்க சிரிச்சாங்க.”

சொல்லிவிட்டுச் சாணமும் வைக்கோலும் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“விடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஆசானே.”

உடையாள் இரண்டு துண்டுகளையும் முனையோடு முனை வைத்துப் பார்த்தாள். பிறகு அவற்றை மடியில் வைத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காமலே கத்துக்கொடுத்துட்டேன்னு, அன்னைக்கு எனக்குள்ளயும் அடேயப்பான்னு ஒரு சத்தம் கேட்டுது, அண்ணே.”