மிஞ்சிய ஆள்

மகள் கல்யாணத்தில் மிராசுதார் தீர்த்தகிரி தன்னையும் சேர்த்துப் பந்திக்கு ஆயிரத்து ஒன்பது பேரை எண்ணினார். இலை போடும் மாசாணத்தை அதட்டினார்.

“வரிசைக்கு வரிசை ஆள் சமமாக இருக்கணும். ஒருத்தன் மிஞ்சினாலும் உன்னைப் புளியமரத்தில் கட்டிவைப்பேன்.”

மாசாணம் ஏழேழாகப் போட்டான், எட்டெட்டாகப் போட்டான், பன்னிரண்டாகவும் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஒருவர் மிஞ்சினார். சோறு ஆறியது. ஜனம் முணுமுணுத்தது.

“இது எதிலும் வகுபடாத பகா எண், எசமான். ஒரே வரிசையாகப் போட்டால் ஊர் எல்லை தாண்டும். ஒருத்தர் எழுந்தால் எல்லாம் சரியாக வந்துடும்.”

“எவன்டா எழுவான்?”

“பெண்ணைப் பெற்றவர் பரிமாறாமல் முதல் பந்தியில் உட்காருவது எந்த ஊர் வழக்கம், எசமான்?”

சம்பந்தி சிரித்துக்கொண்டே நெய்க்கிண்ணத்தை நீட்டினார்.

கடைசியில் மாசாணம் புளியமரத்தடியில்தான் சாப்பிட்டான். நெய் ஊற்றியவர் மிராசுதார்.