நாலேகாலும் நாலரையும்

“கணக்கு சரியாத்தான் இருக்குதுங்க மேடம். அப்புறம் ஏனுங்க காரைத் தர மாட்டேங்கறீங்க?” என்று கேட்டான் சென்னியப்பன்.

ஜெசிந்தா அவனைவிட வயதில் இளையவள். ஆனாலும் அவளுடைய மெக்கானிக் ஷெட்டில் தொழில் கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து அவள்தான் அவனுக்குக் குரு.

மறுநாள் மலைப்பாதையில் பந்தயம். ஓட்டப்போவது அவன் மனைவி பூங்கோதை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கார்; முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பின்சக்கரங்களைச் சுற்றவைக்கிற பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல் உடைந்துபோக, பழைய இரும்புக் கடையில் வேறொன்றைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தான்.

முன்னால், சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜினிலிருந்து வருகிற ஷாஃப்ட் நாலேகால் சுற்று சுற்ற வேண்டும். பின்னால் மாட்டியதில் நாலரை. கால் சுற்றுதானே, அதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து, கியர் கணக்கு முழுவதையும் அதை வைத்தே போட்டு முடித்துவிட்டான். ஒரு மாதமாக ஆற்று மணலில் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடியது. இம்மென்று ஒரு சத்தமில்லை.

இதைக் காலையில்தான் பெருமையாகச் சொன்னான். கேட்டதும் ஜெசிந்தா சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் அந்தச் சாவியை அவனிடமே நீட்டினாள்.

“தார் ரோட்டுல ஒருக்கா போயிட்டு வாங்ணா. மெதுவா.”

பூங்கோதையும் ஏறப் போனாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் வண்டி நன்றாகத்தான் போனது. பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இறுகியது. தாரில் வழுக்க இடமில்லாமல் டயர்கள் கிறீச்சிட்டன. அவன் என்னவென்று யோசிப்பதற்குள் காலடியில் படாரென்று ஏதோ வெடித்தது.

கார் நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டது. அடியிலிருந்து ஆயில் கொட்டி ஓடியது.

சென்னியப்பன் இறங்கினான். பூங்கோதை ஓடி வருவதைப் பார்த்தான். நாளைக்கு இது கொண்டை ஊசி வளைவில் நடந்திருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

பின்னாலேயே வந்து சேர்ந்த ஜெசிந்தாவிடம் திரும்பினான்.

“ஒரு மாசம் மணல்ல ஓடுச்சுங்களே மேடம். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு சண்டையும் இல்லீங்களே.”

அவள் குனிந்து வண்டியின் அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மொத நாள்ல இருந்தே சண்டைதாங்ணா. மணல் விட்டுக்கொடுத்துட்டே இருந்துச்சு.”