பசி போக்க வந்த சங்கம்

வெண்ணாவல் நாட்டில் ஏரி வாரியத் தலைவரை ஊரார்தான் தேர்ந்தெடுப்பார்கள். பிடித்தவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ராஜாவே ஆனாலும் அந்தக் குடத்தில் கை வைக்க முடியாது.

ஒரு வருஷம் சேந்தனும் குன்றனும் போட்டியிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து 'பசி போக்கும் சங்கம்' என்று ஒன்று ஊருக்குள் பந்தல் போட்டது. தினமும் வடை பாயசத்தோடு சாப்பாடு! பணம் அயல்நாட்டு அவுரிச் சாய வியாபாரிகளுடையது. பரிமாறுவது மட்டும் சேந்தன். "இன்னும் கொஞ்சம் நெய் விடட்டுமா, மாமா?" என்று இலை இலையாக விசாரிப்பான். அவன் ஜெயித்தால் ஏரித் தண்ணீர் எல்லைக்கு அப்பாலுள்ள அவுரித் தோட்டங்களுக்குப் போய்விடும். ஊர் வயல் காயும்.

ராஜா இளங்கோமான் மந்திரி பொறையனை அழைத்தார்.

"அன்னதானத்தைத் தடுத்தால் பாவம். விட்டால் ஏரி போச்சு. நீர் அதைத் தடுக்கவும் கூடாது, விடவும் கூடாது. முடியாவிட்டால் மந்திரி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடும்!"

பொறையனுக்குத் தர்மசங்கடம். முந்தின நாள் அவனே அந்தப் பந்தலில் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்திருந்தான். 'எனக்கே அந்தச் சேந்தன் நல்லவனாகத் தெரிகிறானே! பணம் யாருடையதாக இருந்தால் என்ன, பரிமாறிய கையைத்தானே நாக்கு நினைக்கிறது?' என்று தன்னையே நொந்துகொண்டு நடந்தான். பாதி வழியில் சட்டென்று நின்றான். சிரித்தான். நேரே பந்தலுக்குப் போனான்.

சங்கத் தலைவர் தனபாலர் ஓடிவந்து கும்பிட்டார். பந்தியில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"இது தேர்தலுக்காகப் போடும் சாப்பாடா, ஐயா?"

"சிவ சிவா! எங்களுக்குக் கட்சி ஏது? பசி ஒன்றுதான் எங்கள் கண்ணுக்குத் தெரியும்."

"ரொம்ப நல்லது. பாவம், சேந்தனுக்குக் கை வலிக்கும். இன்றைக்குக் குன்றன் பரிமாறட்டும். நாளைக்கு மறுபடி சேந்தன்."

தனபாலர் சேந்தன் கையிலிருந்த அகப்பையை வாங்கி நீட்டினார். கட்சி இல்லை என்று ஊர் கேட்கச் சொன்ன வாயால் எப்படி மறுப்பது? குன்றன் அகப்பையை வாங்கினான். முதல் பந்தி எழுவதற்குள், "குன்றன் கை தாராளம்டா!" என்று பேச்சு கிளம்பிவிட்டது.

இரண்டாம் பந்திக்கு இலையே விழவில்லை. சாயங்காலம் பார்த்தால் பந்தலைக் காணோம்.

ராஜா பதறினார். "தானத்தை நிறுத்திவிட்டீரா?"

"நான் அகப்பையைத்தான் கை மாற்றினேன், மகாராஜா. அவர்களாகவே போய்விட்டார்கள்."

"ஏன், அரிசி தீர்ந்துவிட்டதா?"

"அரிசி இன்னும் வண்டி ஏறாமல் மலையாகக் கிடக்கிறது. ஊரில் பசிதான் தீர்ந்துவிட்டதாம்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன வேண்டும், கேளும்!"

"தானத்துக்கென்று வந்த அரிசி திரும்பிப் போகக் கூடாது. தேர்தல் முடிந்த மறுநாள் ஊருக்கே விருந்து வைக்க உத்தரவு வேண்டும்."

"வைத்தோம்! ஆனால் பரிமாறுவது யார்?"

"தோற்றவர்தான், மகாராஜா. ஜெயித்தவருக்கு ஏரியில் வேலை இருக்கும்."