இரை எடுக்காத மீன்

ஏரிக்கரையில் தங்கியிருந்த குரு தூண்டில் போடுவார். துறவி மீன் பிடிக்கலாமா என்று ஊரில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று காலை சீடன் மாசிலாமணி முகம் வாடி வந்தான். ஐப்பசியில் காய்ச்சல் கண்டு அவனுடைய ஒரே மகள் இறந்துபோனாள். அதிலிருந்து அவன் மனைவி அஞ்சலை ஒரு வார்த்தை பேசவில்லை.

“என்ன சொன்னா அவ வாயைத் திறப்பா சாமி? கெஞ்சிப் பாத்தேன். அதட்டியும் பாத்தேன். நாளைக்குப் பூசாரிய வரச் சொல்லியிருக்கேன். சாட்டையால நாலு போட்டாப் பேசிடுவாளாம்.”

குரு தூண்டிலை அவன் கையில் கொடுத்து, கோரைப்புல் ஓரம் தனியாக நின்ற ஒரு ஜிலேபி மீனைக் காட்டினார்.

“அதைப் பிடி. அப்புறம் பேசலாம்.”

மாசிலாமணி மண்புழுவைக் கோத்துப் போட்டான். மற்ற மீன்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன, அது வரவில்லை. மைதா மாவை உருட்டி வைத்தான். கோழிக்குடல் வைத்தான். தூண்டில் முள்ளைச் சின்னதாக மாற்றினான். தக்கையை ஏற்றி இறக்கி, இரையை அதன் மூக்குக்கு நேரே தொங்கவிட்டான். மீன் மெல்ல விலகிக்கொண்டது.

“இதுக்கு என்ன இரைதான் சாமி வைக்கிறது?”

“நீயே பாரு.”

வெயில் ஏறியது. அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தூண்டிலைக் கீழே எறிந்தான். தோளில் கிடந்த துண்டை விரித்துப் பிடித்துத் தண்ணீருக்குள் பாய்ந்தான்.

“டேய், வேண்டாம்!” என்று குரு எழுவதற்குள் மீனைத் துண்டோடு வாரிக் கரையில் கொட்டிவிட்டான்.

மீன் துள்ளியது. வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்து குஞ்சுகள் கொத்தாகச் சிதறி விழுந்தன. ஈர மண்ணில் கிடந்து துடித்தன.

மாசிலாமணி அப்படியே நின்றான்.

“குஞ்சுகளை வாயில வச்சிருக்கிற தாய்டா அது,” என்றார் குரு. “இந்த நேரத்துல எந்த இரையையும் தொடாது.”

அவன் மண்டியிட்டான். தாயைத் தண்ணீரில் விட்டான். குஞ்சுகளை நனைந்த விரலால் ஒவ்வொன்றாக எடுத்து விட்டான். சில நீந்தின. சில மிதந்தன. தாய் ஓடிப்போகவில்லை. கரையோரமே சுற்றிச் சுற்றி வந்தது.

அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பூசாரிய வர வேணாம்னு சொல்லிடறேன் சாமி.”

குரு தலையசைத்தார்.

“அவளை என்ன சொல்லித் தேத்துறது?”

“ஒண்ணும் சொல்லாதே. அவளுக்கு மட்டுமா பொண்ணு? நீ இன்னும் அழவே இல்லையேடா. போய் அவ பக்கத்துல உக்காந்து அழு.”