ஆயர் திருத்திக் கொடுத்த பாட்டு

கடவுளுக்கு எந்த மொழி புரியும் என்று பிரான்சு தேசத்தில் ஊருக்கு ஊர் அடிதடி நடந்துகொண்டிருந்த காலம் அது. லத்தீன்தான் புரியும் என்றது பழைய கட்சி. நாங்கள் சந்தையில் பேசுகிற பிரெஞ்சே அவருக்குப் போதும் என்றது புதிய கட்சி. கடவுளை யாரும் கேட்கவில்லை.

புதிய கட்சிக்காரர்கள் பைபிள் சங்கீதங்களைப் பிரெஞ்சில் மெட்டுப் போட்டுப் பாடினார்கள். பாழாய்ப்போன மெட்டு, அத்தனை நன்றாக இருந்தது. மோந்த்ரெவால் என்ற சிற்றரசில் ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டே அதைப் பாடிய பெரின் என்ற பெண்ணைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

பெரின், அந்தச் சிற்றரசை ஆண்ட கோமகனின் சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் தொனாத்தின் மச்சினி. சேதி கேட்டதும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என் தங்கச்சிய உயிரோட கூட்டிட்டு வா. இல்லேன்னா நீயும் வராதே" என்று மனைவி வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

சபையில் பழைய கட்சியின் பிஷப்பான ஆயர் ஒனொரே முழங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டு எவர் வாயில முழுசா வருதோ, அவர் மதத்துரோகி. எரிச்சுடணும். பெரியவன் சின்னவன் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சட்டம்!"

கோமகனுக்கு இதில் இஷ்டமில்லை. அவருடைய கழுத்துப்பட்டிகளைப் பெரின் மாதிரி யாராலும் வெளுக்க முடியாது. ஆனால் ஆயரை எதிர்க்கிற துணிச்சலும் அவருக்கு இல்லை.

தொனாத் முன்னால் வந்து குனிந்து வணங்கினான்.

"சாமி, பாட்டு என்னன்னே கேக்காம பிரபு எப்படித் தீர்ப்பு சொல்லுவார்? எனக்கு அரைகுறையாத் தெரியும். இதானான்னு பாருங்க."

பாடினான். வேண்டுமென்றே ஏறுகிற இடத்தில் இறங்கினான், இறங்குகிற இடத்தில் ஏறினான். ஒனொரே ஆயராவதற்கு முன் பேராலயத்தில் பாடகர் குழுவை மேய்த்தவர். அபசுரம் கேட்டால் அவருக்குப் பல் கூசும்.

"இதேதான். போதும், நிறுத்து."

"இருங்க சாமி, ரெண்டாவது அடி இப்படி இல்லியே" என்று இன்னும் மோசமாக இழுத்தான். ஆயர் காதைத் தேய்த்தார். மனுஷன் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மச்சினி சாம்பல்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது அடியைக் கழுத்தை நெரித்துக் கொன்றான்.

"அட மடையா!" ஆயர் துள்ளி எழுந்தார். "அங்கே மேல போகக் கூடாதுடா! இறங்கணும்! இப்படி!"

பாடினார். கண்ணை மூடிக்கொண்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல், அத்தனை அடியையும் சுத்தமான பிரெஞ்சில் பாடினார். கோமகனின் விரல்களும் தாமாகத் தாளம் போட்டன. கடைசி அடியை இழுத்து முடித்துவிட்டு ஆயர் கண்ணைத் திறந்தபோது சபையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முழுசா வந்துடுச்சே சாமி" என்றான் தொனாத்.

ஆயர் வெளிறிப்போனார்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்னு சொன்னீங்களே, ஆயரே?" என்றார் கோமகன், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு.

"அது... பாட்டு தெரிஞ்சிருக்கிறது குத்தமில்லே பிரபு. பாடுறதும்... அப்படியொண்ணும் பெரிய குத்தமில்லே."

"அப்போ பெரினையும் விட்டுடலாம்!" கோமகன் அதற்குமேல் அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் மோதிரத்தைக் கழற்றித் தொனாத்தின் கையில் போட்டார். பெரினை வெளியே கூட்டிவந்ததும் தொனாத்துக்குச் சிரிப்புக்குப் பதில் அழுகைதான் வந்தது.

வாசலில் ஆயர் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏண்டா, நான் ஒத்துக்கலேன்னா என்னையும் எரிக்கச் சொல்லியிருப்பியா?"

"சேச்சே! இது தவக்காலம் சாமி. ஊரே கறி தொடாம நோன்பு இருக்குது. உங்களை நெருப்புல வெச்சா, அந்த வாசனைக்கு ஒருத்தராவது நோன்பைக் காப்பாத்த முடியுமா?"